தொலைக்காட்சித் தோட்டமும் நம் தோட்டமும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பெரிய சாலை. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் பொம்மசந்திரா. அதைத் தாண்டினால் சந்தாபுரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி. அதற்கு அப்பால் தமிழ்நாடு.

சந்தாபுராவில் கன்னடம் பேசுவோர் இருக்கிறார்கள். தெலுங்கு பேசுவோர் இருக்கிறார்கள். தமிழ் பேசுவோரும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கம் இருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். சிலர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டு வேலை செய்கிறார்கள்.

இவர்கள் இருப்பது பெரும்பாலும் வாடகை வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, எட்டு வீடு. நிலம் கிடையாது. ஆனாலும் வாசலைப் பாருங்கள். பழைய பெயிண்ட் டப்பாவில் துளசி. சிமெண்ட் சாக்கில் மிளகாய். உடைந்த குடத்தில் புதினா. ஊரில் விட்டுவந்த மண்ணை மனம் விடவில்லை.

இந்த ஊரில் மாலை வகுப்பு ஒன்று நடக்கிறது. எழுத்தறிவு பெற்ற பெரியவர்கள் வேலை முடிந்து வந்து கூடுகிறார்கள். படிக்கிறார்கள். பேசுகிறார்கள். ஒரு நாள் தொலைக்காட்சித் தோட்ட நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பேச்சைப் படிப்போம்.

ஆளுக்கு ஒரு கருத்து

கார்மென்ட்ஸ் அக்கா: டிவியில் நேற்று தோட்டம் காட்டினாங்க. எவ்வளவு அழகு! ஆனா அது தோட்டமா, அரண்மனையா? தண்ணி ஊற்றெடுக்குது. விளக்கு எரியுது. நம்ம வீட்டில் அதை எங்கே வைக்கிறது?

வாட்ச்மேன் தாத்தா: அழகு இருந்தா என்னம்மா தப்பு? பகல் முழுக்க கேட் முன்னால நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா பூ பார்க்கணும். அது எனக்குப் போதும்.

மேஸ்திரி அண்ணன்: பார்க்கிறது நல்லதுதான் தாத்தா. ஆனா மாடியில் மண்ணைக் கொட்டுன்னு சொல்றாங்களே, கட்டடம் தாங்குமான்னு சொல்றாங்களா? ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. ஷீட் போட்ட வீட்டு மேல அதை வைக்க முடியுமா? நல்ல தளமா இருந்தாலும் சுவர் ஓரமா, பில்லர் பக்கமா வைக்கணும். நடுவில் குவிக்கக் கூடாது.

கல்லூரி மாணவி: எனக்கு வேற ஒரு குறை. நிகழ்ச்சி பாதி, விளம்பரம் பாதி. "இந்த உரம் வாங்குங்க, இந்த பாட்டில் வாங்குங்க" என்றே முடியுது. காய்கறிக் கழிவில் உரம் செய்வது எப்படி என்று சொல்ல நேரமே இல்லை.

வாட்ச்மேன் தாத்தா: எங்க காலத்தில் "வயலும் வாழ்வும்" பார்த்தோம். படம் சுமாராத்தான் இருக்கும். ஆனா விஷயம் இருக்கும்.

கார்மென்ட்ஸ் அக்கா: விஷயம் இருந்தா மட்டும் போதுமா தாத்தா? தூக்கம் வருமே! பாடம் மாதிரி பேசினா யார் பார்ப்பாங்க?

எல்லோரும் சிரித்தார்கள். கீரைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்தா? ஐம்பதா?

கீரைக்கார அம்மா நாற்பது மிளகாய்ச் செடி வைத்திருந்தார். வீட்டு ஓனர் ஒரு காலி சைட்டில் இடம் விட்டிருந்தார். அங்கேயே கொத்தமிரி, தண்டுக்கீரை. கீரை விற்ற பணத்தில் வாடகை. மிளகாய் விற்ற பணத்தில் பேத்திக்குப் பள்ளிச் செலவு. அதுதான் அவர் போட்ட கணக்கு.

மிளகாய் இலை சுருண்டது. அடியில் சின்னச் சின்னப் பூச்சி. அன்று டிவியில் அதையே காட்டினார்கள். வேப்பெண்ணெய் தெளிக்கச் சொன்னார்கள். அளவை வாயால் சொல்லவில்லை. திரையின் அடியில் எழுத்தில் போட்டார்கள். பின்னால் பாட்டு ஓடியது.

"10 லிட்டர் தண்ணீருக்கு 50 மி.லி. வேப்பெண்ணெய்." இதுதான் அந்த எழுத்து.

அம்மா படிக்கக் கற்று இன்னும் ஓர் ஆண்டு ஆகவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் கண் "50 மி.லி." என்பதைப் பிடித்தது. "10 லிட்டர்" என்பதைப் பிடிக்கும் முன் எழுத்து போய்விட்டது. அவரிடம் இருந்தது ஒரு லிட்டர் தெளிப்பான். அதில் 50 மி.லி. ஊற்றினார். உச்சி வெயிலில் அடித்தார். இரண்டு நாளில் இலைகள் கருகின. பிஞ்சு உதிர்ந்தது. நாற்பது செடியில் ஆறுதான் தேறியது.

கீரைக்கார அம்மா: யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியலைன்னு வெட்கம். பேத்தி கேட்டா நோய் வந்துடுச்சுன்னு சொன்னேன்.

கார்மென்ட்ஸ் அக்கா: ஐயோ அம்மா! நானும் அதைப் பார்த்தேனே. எனக்குமே படிக்க முடியலை. நான் எட்டாவது வரை படிச்சவள்.

கல்லூரி மாணவி: எனக்கும் அது வேகமாகத்தான் போச்சு பாட்டி. உங்க படிப்பில் குறை இல்லை. காட்டின விதத்தில்தான் குறை.

மேஸ்திரி அண்ணன்: சிமெண்ட் கலவைக்கு அளவு சொல்றப்ப நான் மூணு தடவை சொல்வேன். ஆள் திருப்பிச் சொல்லணும். அப்பதான் வேலை தொடங்கும். மருந்து அளவு சொல்றவங்க ஒரு தடவையாவது வாயால் சொல்ல வேண்டாமா?

கீரைக்கார அம்மா நிமிர்ந்தார். கணக்கைப் பலகையில் எழுதினார்கள். அவரே சாக்பீசை வாங்கி எழுதினார்.

10 லிட்டருக்கு 50 மி.லி.
5 லிட்டருக்கு 25 மி.லி.
2 லிட்டருக்கு 10 மி.லி.
1 லிட்டருக்கு 5 மி.லி.

ஐந்து ஊற்ற வேண்டிய இடத்தில் ஐம்பது ஊற்றியிருக்கிறார். பத்து மடங்கு! வேப்பெண்ணெய் நல்லதுதான். ஆனால் அளவு மிஞ்சினால் இலையைச் சுடும். உச்சி வெயிலில் அடித்தால் இன்னும் சுடும். மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரில் தானாகக் கலக்காது. சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்க வேண்டும். முதலில் ஒரு செடிக்கு அடித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். பிறகுதான் மற்றச் செடிகளுக்கு.

கேட்டார்கள், பேசினார்கள், செய்தார்கள்

சொல்பவர் மட்டுமே சொல்வது, பார்ப்பவர் சும்மா பார்ப்பது. ஒலிபரப்பு எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை.

கனடா நாட்டில் 1941-இல் விவசாயிகளுக்காக வானொலி மன்றம் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவார்கள். வானொலி கேட்பார்கள். பிறகு விவாதிப்பார்கள். தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்கள். "படி, கேள், விவாதி, செயல்படு" என்பது அவர்கள் முழக்கம்.

நம் நாட்டில் 1956-இல் புனே பகுதியில் இதைச் செய்து பார்த்தார்கள். அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து செய்தன. 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைந்தன. மக்கள் கூடிக் கேட்டார்கள். கேள்வி அனுப்பினார்கள். வானொலி பதில் சொன்னது.

தஞ்சாவூர் விவசாயிகள் 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பயிரிட்டார்கள். அதைப் பற்றி வானொலியில் கேட்டு விதைத்தவர்கள் பலர். அதனால் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வந்தது. ஒரு நிகழ்ச்சி வயலுக்குள் இறங்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

தொலைக்காட்சியில் "கிருஷி தர்ஷன்" நிகழ்ச்சி 1967 ஜனவரி 26 அன்று டில்லியில் தொடங்கியது. டில்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்தார்கள். மக்கள் கூடிப் பார்த்தார்கள்.

பிறகு 1975-இல் ஒரு பெரிய சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஓர் ஆண்டு ஒளிபரப்பினார்கள். கர்நாடகத்தின் வடக்கு மாவட்டங்களும் அதில் இருந்தன. விவசாயம், உடல் நலம், குடும்ப நலம் பற்றிய நிகழ்ச்சிகள் வந்தன. அத்துடன் நிற்கவில்லை. ஆய்வாளர்கள் சில கிராமங்களில் போய்த் தங்கினார்கள். மக்களுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பார்த்து எழுதினார்கள்.

அதே 1975-இல், ஆகஸ்ட் 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. தாத்தா சொன்ன "வயலும் வாழ்வும்" அந்த நிலையத்தின் நிகழ்ச்சி.

விவசாயத்துக்கென்றே "டிடி கிசான்" என்ற அலைவரிசை 2015 மே 26 அன்று வந்தது. 2024 மே மாதம் அதில் கணினி உருவாக்கிய இரண்டு அறிவிப்பாளர்கள் வந்தார்கள். பல மொழிகளில் பேசக்கூடியவர்கள். களைப்பு கிடையாது. ஆனால் மண்ணைத் தொட்ட கை கிடையாது. "இதை உங்கள் வாசலில் செய்தீர்களா?" என்று அவர்களைக் கேட்க முடியாது.

இங்கிலாந்திலும் இதே பேச்சு

தோட்ட நிகழ்ச்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்ற பேச்சு இங்கே மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் பி.பி.சி.யின் "கார்டனர்ஸ் வேர்ல்ட்" நிகழ்ச்சி 1968-இல் தொடங்கியது. பெர்சி த்ரோவர் என்ற தோட்டக்காரர் அதில் புகழ் பெற்றார். மண்ணில் இறங்கி வேலை செய்தவர். மக்கள் அவர் சொன்னதை நம்பினார்கள். 1970-களின் நடுவில் அவர் ஒரு ரசாயனக் கம்பெனியின் தோட்டப் பொருள் விளம்பரத்தில் நடிக்க ஒப்புக்கொண்டார். பி.பி.சி. அவரை அந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கியது. சொல்பவரே விற்பவராக இருந்தால் கேட்பவர் எதை நம்புவது? அதுதான் அங்கே எழுந்த கேள்வி.

பிறகு 1997-இல் "கிரவுண்ட் ஃபோர்ஸ்" என்ற நிகழ்ச்சி வந்தது. ஒரு குழு வரும். இரண்டே நாளில் ஒரு வீட்டுத் தோட்டத்தையே மாற்றிவிடும். பலகைத் தளம், நீரூற்று, புதிய செடி எல்லாம் வந்துவிடும். 2005 வரை ஓடியது. ஏராளமானோர் விரும்பிப் பார்த்தார்கள். தோட்டம் பற்றி நினைக்காதவர்கள் கூடத் தோட்டம் போட்டார்கள் என்றார்கள் சிலர். விதை முளைக்கப் பொறுமை வேண்டும், இரண்டு நாளில் தோட்டம் வராது என்றார்கள் வேறு சிலர்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அழகைப் பார்த்து ஆசை வரும். ஆசை வந்த பிறகு வழி சொல்ல வேண்டும். ஆசையை மட்டும் மூட்டி வழியைச் சொல்லாமல் விட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

சென்னை மழை வேறு, நம் மழை வேறு

சந்தாபுராவில் தமிழ் நிகழ்ச்சி பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பருவம்.

சென்னை கடலோரத்தில் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் பெருமழை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் வருகிறது. பெங்களூரில் மே மாதமே இடி மழை தொடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. சென்னையில் காரட், பீன்ஸ், முட்டைக்கோசு வளர்க்கக் குளிர் மாதங்களுக்குக் காத்திருக்க வேண்டும். பெங்களூர்ப் பக்கம் குளிர்ச்சி அதிகம். அந்தக் காய்கள் இங்கே எளிதாக வரும்.

சென்னை நிகழ்ச்சியில் "இப்போதே விதையுங்கள்" என்பார்கள். அந்த "இப்போது" சென்னையின் இப்போது. நமக்கு அது பொருந்தலாம். பொருந்தாமலும் போகலாம்.

அப்படியானால் கன்னட நிகழ்ச்சியைப் பார்க்கலாமே? பார்க்கலாம். தூர்தர்ஷனின் "சந்தனா" கன்னட அலைவரிசை. இந்த மண்ணையும் மழையையும் அறிந்தவர்கள் பேசுவார்கள். சந்தாபுராத் தமிழர்களுக்குக் கன்னடம் கேட்டால் புரியும். சந்தையில் பேசுவதே கன்னடம்தானே? "கொத்தமிரி சொப்பு" என்று கூவித்தானே கீரைக்கார அம்மா விற்கிறார்! ஆனால் திரையில் வரும் கன்னட எழுத்து அவருக்குத் தெரியாது. இங்கும் அதே குறைதான். அளவை எழுத்தில் மட்டும் காட்டினால் பலருக்கு அது போய்ச் சேராது.

எழுத்தே வேண்டாம் என்று இல்லை. பேச்சும் எழுத்தும் சேர்ந்து வர வேண்டும். 1996-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் ஒரு யோசனை பிறந்தது. பாட்டு ஒலிக்கும்போது அதே வரியை, அதே மொழியில், திரையில் காட்டுவது. காதால் கேட்பதைக் கண்ணால் படிப்பது. பிறகு தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சிகளில் அப்படிக் காட்டினார்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு அது நல்ல பயிற்சி. பாட்டுக்குச் செய்ததை மருந்து அளவுக்கும் செய்யலாமே?

எந்தத் தண்ணீர்?

தொலைக்காட்சியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். சந்தாபுராவில் பல வீடுகளுக்குப் போர்வெல், டேங்கர் தண்ணீர்தான் கதி.

2024 மார்ச் மாதம் பெங்களூரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். போர்வெல்கள் வற்றின. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அந்த மாதத்தில் புல்தரை வளர்க்கச் சொல்லும் நிகழ்ச்சி யாருக்கு?

ஏரித் தண்ணீரை எடுக்கலாமா? சந்தாபுரா ஏரியில் கழிவு கலந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். கீரை அவற்றை வேர் வழியாக உறிஞ்சும். இலையைக் கழுவினாலும் அவை போகாது. ஆகவே அப்படிப்பட்ட தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது.

பிறகு எந்தத் தண்ணீர்? அரிசி கழுவிய தண்ணீர். பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர். மழை பெய்தால் கூரையிலிருந்து பிடித்த தண்ணீர். ஒரு தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்று வையுங்கள். பத்துத் தொட்டிக்குப் பத்து லிட்டர். மாதத்துக்கு 300 லிட்டர். மண் மேல் காய்ந்த இலையைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. தண்ணீரும் மிச்சமாகும்.

இதையெல்லாம் ஒரு நிகழ்ச்சி சொன்னால் எத்தனை வாசலில் கீரை வளரும்!

நிகழ்ச்சியா? விளம்பரமா?

மாணவி சொன்ன குறைக்கு வருவோம். விளம்பரம் தனியாகத் தெரிய வேண்டும், நிகழ்ச்சியோடு கலந்து குழப்பக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: ஒரே கம்பெனியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா?
இரண்டு: வீட்டிலேயே செய்யக்கூடிய மாற்று வழியைச் சொல்கிறார்களா?
மூன்று: அந்தப் பொருளால் வரக்கூடிய கெடுதலையும் சொல்கிறார்களா?

பூச்சி மருந்து டப்பாவில் ஒரு நிற அடையாளம் இருக்கும். அதைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டாம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் கொடிய நஞ்சு. நீலம் என்றால் நடுத்தர நஞ்சு. பச்சை என்றால் மற்றவற்றைவிடக் குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சுதான். குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். டிவியில் டப்பாவைக் காட்டும்போது இந்த நிறத்தையும் காட்டினால் எவ்வளவு நன்மை!

சந்தேகம் வந்தால் கேட்க வழி இருக்கிறது. கிசான் கால் சென்டர் 2004-இல் தொடங்கியது. எண் 1800-180-1551. கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கேட்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பதில் சொல்வார்கள்.

அலைகள் யாருடையவை?

வாட்ச்மேன் தாத்தா: நம்ம சொன்னா டிவிக்காரங்க கேட்பாங்களா? அவங்க பெரிய ஆளுங்க.

கல்லூரி மாணவி: தாத்தா, அலைகள் நம்ம சொத்து. நான் படிச்சிருக்கேன்.

மாணவி சொன்னது உண்மை. ஒலி, ஒளி போகும் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்புச் சொன்னது. தூர்தர்ஷனும் வானொலியும் பிரசார் பாரதி என்ற அமைப்பின் கீழ் இருக்கின்றன. அதற்கான சட்டம் 1990-இல் இயற்றப்பட்டது. 1997-இல் நடைமுறைக்கு வந்தது. கல்வி, எழுத்தறிவு, வேளாண்மை, ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல், உடல் நலம் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

தனியார் அலைவரிசை மீது விதி மீறல் புகார் இருந்தால்? 2021-இல் வந்த விதிப்படி முதலில் அந்த அலைவரிசைக்கே எழுத வேண்டும். 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த நிலைக்குப் போகலாம்.

ஆகவே கடிதம் எழுதுவது கெஞ்சுவது அல்ல. அது நம் உரிமை. நம் கடமையும் கூட. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதம்

அன்று எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள். குறையை மட்டும் எழுதக் கூடாது, நல்லதையும் எழுத வேண்டும் என்றார் தாத்தா. பேத்தியின் பள்ளிச் செலவைப் பற்றி எழுதலாமா என்று கார்மென்ட்ஸ் அக்கா கேட்டார். "வேண்டாம், செடி கருகினதை மட்டும் எழுது. இரக்கம் வேண்டாம், திருத்தம் வேண்டும்" என்றார் கீரைக்கார அம்மா.

கடிதம் இது:

சந்தாபுரா,
பெங்களூர் நகர மாவட்டம்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் மாலை வகுப்பில் படிக்கும் பெரியவர்கள். உங்கள் தோட்ட நிகழ்ச்சியைத் தவறாமல் பார்க்கிறோம். பூக்களை அழகாகக் காட்டுகிறீர்கள். அதற்கு நன்றி.

எங்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு.

1. மருந்து, உரம், விதை அளவை வாயாலும் சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். நாங்கள் படித்து முடிக்கும் வரை நிறுத்துங்கள். "10 லிட்டருக்கு 50 மி.லி." என்றால் "ஒரு லிட்டருக்கு 5 மி.லி." என்றும் சொல்லுங்கள். எங்களில் ஒருவரின் மிளகாய்ச் செடிகள் இதனால் கருகின.
2. எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்று சொல்லுங்கள்.
3. வாடகை வீட்டில், சின்ன வாசலில், குறைந்த தண்ணீரில் வளர்ப்பவர்களையும் காட்டுங்கள்.
4. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்லிவிடுங்கள்.
5. செடி பட்டுப்போனதையும் காட்டுங்கள். ஏன் பட்டது என்று சொல்லுங்கள். அதில்தான் நாங்கள் அதிகம் கற்போம்.

பூக்களையும் விட்டுவிட வேண்டாம். எங்கள் தாத்தாவுக்குப் பிடிக்கும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புக் கற்போர்.

கடைசி வரியைக் கேட்டுத் தாத்தா மகிழ்ந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கீரைக்கார அம்மா கைநாட்டு வைக்கவில்லை. தன் பெயரை முழுதாக எழுதினார். இன்னொரு படி கன்னடத்திலும் எழுதிப் பெங்களூர் நிலையத்துக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். எதிர் வீட்டுக் கன்னடப் பெண் எழுதித் தர ஒப்புக்கொண்டார். அவரும் மிளகாய் வளர்ப்பவர்தான்.

பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். வாரம் ஒரு நாள் கூடிப் பார்ப்பது என்று பேசினார்கள். ஒருவர் அளவை எழுதுவார். ஒருவர் மாதத்தை எழுதுவார். ஒருவர் விலையை எழுதுவார். நிகழ்ச்சி முடிந்ததும் மூன்றையும் சேர்த்துப் படிப்பார்கள். எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று பேசுவார்கள். தனியாகப் பார்த்தால் எழுத்து ஓடிவிடும். நாலு பேர் பார்த்தால் நாலு கண் பிடிக்கும்.

பேசுவோம்

1. வாட்ச்மேன் தாத்தா சொன்னது சரியா? தோட்ட நிகழ்ச்சியில் அழகு வேண்டுமா, பயன் வேண்டுமா?
2. கீரைக்கார அம்மா ஏன் முதலில் யாரிடமும் சொல்லவில்லை? உங்களுக்கு அப்படி நேர்ந்தது உண்டா?
3. உங்கள் ஊரில் எந்த மாதம் மழை அதிகம்? அப்போது என்ன விதைப்பீர்கள்?

கணக்குப் போடுவோம்

1. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. என்றால் 3 லிட்டருக்கு எவ்வளவு?
2. உங்களிடம் அரை லிட்டர் பாட்டில் இருக்கிறது. எவ்வளவு ஊற்றுவீர்கள்?
3. ஆறு தொட்டி இருக்கிறது. தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டர். ஒரு வாரத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

சொல்லும் பொருளும்

மி.லி. — மில்லி லிட்டர். 1,000 மில்லி லிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர்.
தெளிப்பான் — மருந்து தெளிக்கும் கருவி.
அலைவரிசை — சேனல்.
தயாரிப்பாளர் — நிகழ்ச்சியை உருவாக்குபவர்.

எழுதுவோம்

நீங்கள் பார்க்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது ஒன்று. மாற வேண்டியது ஒன்று. இரண்டையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். தபால் பெட்டியில் போடுங்கள்.